ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள்



மலைநாட்டுக்குப் புகைவண்டியிற் பயணஞ் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வண்டி நிலையத்தினுள் நுழையும்போது மேடையோரத்தில் நிற்கும் உத்தியோகத்தர் ஒருவர் பெரிய வளையமொன்றைச் சாரதியிடம் நீட்டுவார். சாரதி தம் கையிலுள்ள வேறொரு வளையத்தை அவரிடம் எறிந்துவிட்டு, இதனைக் கையில் மாட்டிக்கொள்வார். அவ்வளையத்தோடு இணைந்த சிறு பையினுள் உலோக வில்லையொன்று இருக்கும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில், அடுத்த நிலையம் வரையுள்ள துண்டுக்குள் நுழையும் உரிமை அந்த வில்லையை வைத்திருப்பவருக்கே உண்டு. இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருத்தலின், ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எவராலும் எடுக்க இயலாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புகைவண்டியன்று, கணினி நிரல். இன்னுந் திட்டமாகச் சொன்னால், ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்து, ‘இதனை ஏற்கலாம்’ என்றோ ‘ஏற்கலாகாது’ என்றோ சொல்லுகின்ற பணி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பணியை விளக்குதற்கு அந்த வில்லையைக் காட்டிலும் நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆதலால் அதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் தொலைபேசியிற் பேசுவதும், படம் பார்ப்பதும், வங்கியிலிருந்து பணம் அனுப்புவதும் இன்று பொதிகளாகவே பயணஞ் செய்கின்றன. செய்தி சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் முகவரி எழுதப்பட்டு, கம்பி வழியே அனுப்பப்படுகின்றது. இத்துண்டே பொதி. இவற்றைத் தரம்பிரித்து அனுப்பும் நிலையங்களில், நொடிக்கு 10 கிகாபிட், அதாவது ஆயிரங்கோடி பிட், கடத்தவல்ல இணைப்பு இன்று சாதாரணமானது. அந்த இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் இடைவிடாது வருமாயின், ஒரு நொடியில் ஒரு கோடியே 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் வந்து சேரும். ஒரு பொதிக்கும் அடுத்த பொதிக்கும் இடையே கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 67 நனோ நொடி. நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலியொன்றுக்கு அது 200 துடிப்பு. கணினியின் பெரிய நினைவகத்திலிருந்து ஒரேயொரு முறை ஒரு தகவலை எடுத்துவரவே அந்த நேரம் முழுவதும் செலவாகிவிடக்கூடும்.

வழமையான முறை யாதெனில், பொதி வந்ததும் வலையமைப்பு அட்டை செயலியை ‘நில், வேலை வந்திருக்கிறது’ என்று இடைமறித்து அழைக்கும். செயலி தன் கையிலுள்ள வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வரும். 200 துடிப்புக்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு இந்த உபசாரம் கட்டுப்படியாகாது. எனவே, அழைப்பை எதிர்பாராமல், கருவொன்று இடையறாது அட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் முறை பின்பற்றப்பட்டது. கரு என்று நான் குறிப்பிடுவது, ஒரே செயலியினுள் தனித்தனியாக இயங்கும் பல கணிப்பான்களுள் ஒன்றை. ஆங்கிலத்திற் கோர் என்பர். இவ்வாறு இயங்கும் நிரல்களுக்கு வேண்டிய உறுப்புகளையெல்லாம் ஒருங்கே தரும் தொகுதி டி.பி.டி.கே. எனப்படுவது. இன்டெல் நிறுவனத்தில் 2010ஆம் ஆண்டளவிற் பிறந்தது. 2013 முதல் பல நிறுவனத்தாரும் தனியாட்களும் கூடிச் செய்யும் திறந்த முயற்சியாக வளர்ந்தது. 2017இல் லினக்ஸ் அறநிலையத்தின் கீழ் வந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். எவரும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பிய திருத்தம் ஏற்கப்படுமா என்பது வேறு விடயம்.

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத வெளியீட்டில் இத்தொகுதியிற் சேவைக் கருக்கள் என்ற புதிய ஏற்பாடு புகுத்தப்பட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சில அட்டைகளும் பொறிகளும் பொதிகளை வரிசைப்படுத்திப் பங்கிடும் வேலையை வன்பொருளாலேயே செய்துவிடும். வேறு சில செய்யமாட்டா. அங்கே அதே வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். மென்பொருள் செய்வதாயின் அதற்கென ஒரு கருவை யாராவது ஒதுக்க வேண்டும். பயன்பாட்டை எழுதுபவர் ஒவ்வொரு பொறிக்கும் தம் நிரலை மாற்றி எழுதுவதோ? அது வேண்டாமென்று, ‘இந்தக் கருக்கள் சேவைக்கு உரியவை, எந்தச் சேவை எந்தக் கருவில் நடக்கலாம் என்பதைத் தனியே குறித்துவைப்போம்’ என்று ஒழுங்குசெய்தார்கள். சேவைக் கரு ஒவ்வொன்றும் தனக்குக் குறிக்கப்பட்ட சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி அழைத்துக்கொண்டிருக்கும். சேவைகள் 64க்கு மேற்போகா. ஏனெனில் 64 பிட் கொண்ட ஒரேயோர் எண்ணில், ஒரு சேவைக்கு ஒரு பிட் என்று குறித்துவைத்தார்கள்.

இங்கேதான் நம் ஒற்றைப் பாதை வருகின்றது.

சேவைகள் இரு வகைப்படும். ஒரு வகை, பல கருக்கள் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் கெடாதவை. அகன்ற தெருவைப் போல. மற்ற வகை, ஒரு நேரத்தில் ஒரே கருதான் உள்ளே இருக்கலாம், ஒற்றைத் தண்டவாளம். தன் சேவை எந்த வகை என்பதை அதனை எழுதியவரே அறிவிக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளச் சேவைக்கு இரு கருக்களை ஒதுக்கலாகாது என்பதில்லை, ஒதுக்கலாம். ஒன்று வேறு வேலையில் இருக்கும்போது மற்றது வந்து ஓட்டலாம். இரண்டும் ஒருங்கே நுழையாமற் காப்பதற்குப் பூட்டு ஒன்று உண்டு. அப்பூட்டே வில்லை. வில்லை கிடைக்காத கரு அங்கே காத்துநிற்பதில்லை. ‘இப்போது இடமில்லை’ என்று அறிந்து தன் அடுத்த சேவைக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடு.

ஆயினும் பூட்டை எடுப்பதற்கும் சில பத்துத் துடிப்புகள் செலவாகும். 200 துடிப்பே கைவசம் உள்ளவர்களுக்கு அது சிறு தொகையன்று. ஆகவே, முதலில் எழுதியவர்கள் ஒரு சிக்கனம் செய்தார்கள். ஒரு சேவைக்கு ஒரே கருதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றால் மோதுவதற்கு வேறு யாருமில்லையே; பின் எதற்குப் பூட்டு? ஒதுக்கப்பட்ட கருக்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேற்பட்டாலன்றிப் பூட்டை எடுக்க வேண்டியதில்லை என்று விதி வகுத்தார்கள். படித்துப் பாருங்கள், எவருக்குந் தவறாகத் தோன்றாத விதி. எனக்குந் தோன்றியிராது.

இப்போது நிலைய அதிபர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று இப்பாதையில் ஒரே வண்டிதான் ஓடுகிறது என்று அவர் அறிவார். ஆகவே வில்லை கொடாமலே வண்டியை அனுப்பிவிட்டார். வண்டி பாதை நடுவே சென்றுகொண்டிருக்கும்போது, தலைமையகத்திலிருந்து புதிய கால அட்டவணை வருகின்றது: ‘இன்று இரு வண்டிகள் ஓடும்.’ இரண்டாவது வண்டி வந்து நிற்கின்றது. இரண்டு வண்டிகள் என்றால் வில்லை வேண்டும் என்பது விதி. அதிபர் பொறியைத் திறக்கிறார். வில்லை அங்கேயே இருக்கின்றது, முதல் வண்டி அதனை எடுக்கவே இல்லையே! விதிப்படி வில்லையைக் கொடுத்து இரண்டாவது வண்டியையும் அனுப்புகிறார். இருவருந் தவறு செய்யவில்லை. இருவரும் விதியை எழுத்துப் பிசகாமற் பின்பற்றினார்கள். வண்டிகள் இரண்டும் ஒரே தண்டவாளத்தில்.

நிரலில் நடக்கக்கூடியதாயிருந்ததும் இதுவே. ஒரு கரு பூட்டின்றிச் சேவையினுள் இருக்கும்போது, பயன்பாடானது அதே சேவைக்கு இன்னொரு கருவையும் ஒதுக்கிவிட்டால், எண்ணிக்கை இரண்டாகும், புதிய கரு எண்ணிக்கையைப் பார்க்கும், பூட்டை நாடும், அது திறந்திருக்கும், உள்ளே போய்விடும். இந்தப் பிழை 2020ஆம் ஆண்டிற் சுட்டிக்காட்டப்பட்டுத் திருத்தப்பட்டது. திருத்தம் மிகச் சிறியது. ஒற்றைத் தண்டவாளச் சேவையென்றால், கரு ஒன்றோ பத்தோ, எப்போதும் பூட்டை எடுத்தே தீரவேண்டும் என்பது புதிய விதி. ஒரு நிபந்தனையை நீக்கியதே செய்த வேலையின் சாரம்.

இவ்வளவு சிறிய திருத்தத்தைப் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இத்தொழிலில் மாற்றம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நேரம் அதனைப் பார்க்க வேண்டியிருக்கும். முதற்கேள்வி செலவைப் பற்றியது. ஒரே கருவை மட்டும் வைத்து, ஓடும்போது எதனையும் மாற்றாமல் நடத்துகின்றவர் பலர். அவர்கள் இந்தப் பிழையை ஒருநாளுங் கண்டிருக்கமாட்டார்கள். இனி ஒவ்வோர் அழைப்புக்கும் அவர்களும் பூட்டுக்கூலி செலுத்த வேண்டும். யாரோ சிலருக்காக எல்லாருஞ் செலுத்துவது நீதியா? வேறு வழியும் உண்டு: ‘சேவை ஓடும்போது கருக்களை மாற்றாதீர்’ என்று கையேட்டில் ஒரு வரி எழுதிவிடலாம். என் கருத்து, கையேட்டு வரி பூட்டாகாது என்பதே. கையேட்டைப் படிக்காதவர் உலகில் மிகப் பலர். படித்தும் மறந்தவர் அவர்களினும் பலர். ஆனால் எதிர்த்துக் கேட்பவர் அறிவிலி அல்லர்; அவர் கேட்டால்தான் செலவை அளந்து பார்க்கும் வேலை நடக்கும்.

மதிப்பாய்வின் சடங்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. திருத்தம் அனுப்புகின்றவர் அதன் அடியில் ஒப்பமிட வேண்டும். ‘இது நான் கொடுக்க உரிமையுள்ள எழுத்து’ என்பது அதன் பொருள். படித்தவர் ‘மதிப்பாய்ந்தேன்’ என்று தம் பெயரை இடுவார்; பொறுப்பாளர் ‘ஏற்கிறேன்’ என்று இடுவார். பிழைதிருத்தமாயின், அந்தப் பிழை எந்தப் பழைய மாற்றத்தோடு உள்ளே வந்தது என்பதையுங் குறிப்பிட வேண்டும். இவையெல்லாம் நிரலோடு சேர்ந்தே காலமெல்லாம் நிலைக்கும். பழியும் புகழும் ஒரே ஏட்டில்.

இனி, இயந்திரத்தின் இயல்பிலேயே பிறக்கும் ஒரு சிக்கல். ஒரு கரு முதலில் அடுப்பை மூட்டி, பின்னர் ‘சமையல் தொடங்கலாம்’ என்று பலகையில் எழுதுகிறது என்று வைப்போம். மற்றக் கரு பலகையைப் பார்த்துவிட்டு வந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்று நாம் நம்புவோம். இன்டெல் வகைச் செயலிகளில், ஒரு கரு எழுதியவை எழுதிய வரிசையிலேயே மற்றதற்குத் தெரியும். ஆர்ம் வகைச் செயலிகளிலோ, பலகை முதலிலும் அடுப்பு பின்னருமாகத் தெரிதல் கூடும். அது குற்றமன்று, விரைவுக்காக அவ்வாறு அமைத்தார்கள். வரிசை வேண்டுமென்றால் நிரல் எழுதுபவர் அதனைச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு வகைப் பொறியில் ஆண்டுக்கணக்கிற் பிழையின்றி ஓடிய நிரல் மற்றொரு வகையில் வீழலாம். 2020இல் இச்சேவைப் பகுதியில் வந்த வேறு சில திருத்தங்கள், சேவை ஓடத் தொடங்கலாம் என்ற அறிவிப்புக்கு முன் ஆயத்தங்கள் யாவும் மற்றக் கருக்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற வரிசையை வெளிப்படையாக எழுதிவைத்தன. மதிப்பாய்வாளர் தம் மேசையிலுள்ள பொறியை மறந்து படிக்கவேண்டிய இடம் இது.

அடுத்து ஒரு கணக்குக் கதை. சேவைகள் எத்தனை முறை அழைக்கப்பட்டன, எத்தனை துடிப்புச் செலவாயிற்று என்று எண்ணிவைக்கும் வசதி இத்தொகுதியில் உண்டு. சங்கக்கடையொன்றிற் பல பணியாளர்கள். விற்பனையை எழுத ஒரே ஏடு. ஒருவர் ஏட்டைப் பார்த்து ‘100’ என்று மனத்திற் கொண்டு, ஒன்று கூட்டி ‘101’ என்று எழுதப் போகிறார். அதே கணத்தில் மற்றவரும் ‘100’ என்று பார்த்தவர். அவரும் ‘101’ என்றே எழுதுகிறார். விற்றது இரண்டு, ஏட்டில் ஏறியது ஒன்று. அகன்ற தெருச் சேவைகளிற் பூட்டு இல்லையாதலால், கணக்கு இவ்வாறு குறைய இடமிருந்தது. 2022ஆம் ஆண்டு இதனைத் திருத்தினார்கள்: பார்த்தல், கூட்டல், எழுதல் மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கினார்கள். கணக்குச் சரியாயிற்று.

ஆனால் இப்போது பணியாளர் யாவரும் ஒரே ஏட்டுக்காக வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு கருவுக்கும் பக்கத்தில் அதற்கெனச் சிறு நினைவகம் உண்டு. ஏட்டில் எழுத வேண்டுமானால் அந்தப் பக்கத்தை மற்றக் கருவினிடமிருந்து பறித்துத் தன்னிடம் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து எழுதுமுன் இன்னொன்று பறிக்கக் காத்திருக்கும். அளந்து பார்த்தவர்கள் சொன்ன எண் திகைப்பூட்டுவது. 1000 துடிப்பில் முடியும் சேவையொன்றை 16 கருக்களில் ஓட்டியபோது, அதன் கணக்கை எழுதுவதற்கு மட்டும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஏறத்தாழ 10,000 துடிப்புச் செலவாயிற்று. வேலையைப்போற் பத்து மடங்கு, வேலையை எண்ணுவதற்கு! அரசாங்கக் கந்தோர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் நினைத்திருந்தேன்.

அதே ஆண்டில் மற்றொரு திருத்தம் வந்தது. ஒவ்வொரு கருவுக்குந் தனி ஏடு. எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மொத்தம் எவ்வளவு என்று யாரேனும் கேட்கும்போது, கேட்டவருக்காக ஏடுகளை எல்லாங் கூட்டிச் சொல்லலாம். 10,000 துடிப்பு 22 ஆயிற்று. முதற்றிருத்தம் தவறென்று நான் சொல்லமாட்டேன். கணக்குச் சரியாக வேண்டும் என்பதை அது நிலைநாட்டியபின்னரே, சரியான கணக்கை மலிவாகப் பெறுவது எப்படி என்ற கேள்வி எழ முடிந்தது.

பிறர் பிழைகளையே சொல்லிக்கொண்டிருப்பது முறையன்று. என்னுடையதையும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓரிடத்தில் இதே வகையான ஏற்பாடொன்று இருந்தது. சேவையொன்றை நிறுத்திவிட்டு, அது பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் மாற்றமொன்று என் மேசைக்கு வந்தது. எழுதியவர் நல்ல கைகாரர். ‘நிறுத்து’ என்று ஒரு வரி. ‘விடுவி’ என்று அடுத்த வரி. நான் ஏற்கத் தயாராயிருந்தேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவரும் அதனைப் படித்திருந்தார். அவர் அருகே வந்து, “அண்ணை, நிற்கச் சொன்னோம், அது நின்றுவிட்டதா என்று எங்கே பார்த்தோம்?” என்று கேட்டார். நான், “தம்பி, நிறுத்தச் சொன்னால் நின்றுவிடுந்தானே” என்றேன். எழுத்திலும் அவ்வாறே விடை எழுதி, மதிப்பாய்ந்தேன் என்று என் பெயரையும் இட்டேன்.

சைகையைச் சிவப்பாக்குவது, இனி எந்த வண்டியும் உள்ளே வரலாகாது என்பதற்கு. ஏற்கெனவே உள்ளே சென்ற வண்டி வெளியே வந்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சியன்று. தண்டவாளத்தைக் கழற்றுமுன் வண்டி வெளியேறியதைக் கண்டாக வேண்டும். நான் முன்னர் சொன்ன தொகுதியில் இதற்கென்றே ஒரு வினா வைத்திருக்கிறார்கள்: ‘இந்தச் சேவையினுள் இன்னும் எந்தக் கருவாவது இருக்கக்கூடுமா?’ நிறுத்தச் சொன்னபின் இதனைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இல்லை என்ற விடை வந்த பின்னரே மேற்செல்ல வேண்டும். எங்கள் நிரலில் அப்படி எதுவும் இல்லை; இளைஞர் கேட்டது அதைத்தான்.

எங்கள் சோதனைகள் யாவும் தேறின. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் ஓரிரவு, சுமை மிகுந்த வேளையில், நிறுத்தச் சொன்ன சேவை வழமையைவிடச் சிறிது நீண்ட வேலையினுள் இருந்திருக்கிறது. அதன் காலடியிலிருந்த நினைவகம் விடுவிக்கப்பட்டு, வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அது எழுதியது யாருடைய இடத்தில் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒன்பது நாள் சென்றது. ஒன்பது நாளும் நாங்கள் பிழையைத் தேடியது, பாழான இடத்தில். பாழாக்கியது எங்கே என்று ஒருவரும் நினைக்கவில்லை. பத்தாம் நாட் காலை அந்த இளைஞர் பழைய பதிவைத் திறந்து, ஒன்றுஞ் சொல்லாமல் திரையை என் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

திருத்தம் ஆறு வரி. அவரையே எழுதச் சொன்னேன். நான் மதிப்பாய்ந்தேன், இம்முறை அரை நாள் எடுத்தது. எந்தப் பழைய மாற்றத்தோடு இந்தப் பிழை வந்தது என்று குறிக்க வேண்டிய வரியில், நான் பெயரிட்ட அந்த மாற்றத்தின் இலக்கத்தை அவர் எழுதினார். எழுதலாமா என்று என்னிடங் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.